கடலடிக் குழாயை அடைக்கும் ‘ஐஸ்’: 200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த ஹம்ப்ரி டேவி!

2010 மே மாதம். மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில், விபத்துக்குள்ளான கிணற்றிலிருந்து எண்ணெய் கொட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் சுமார் 100 டன் எடையுள்ள ராட்சத இரும்பு மூடியை இறக்கி, எண்ணெயைக் குழாய் வழியாகக் கப்பலுக்கு ஏற்றிவிடலாம் என்பது திட்டம். ஆனா, திட்டம் சொதப்பியது. மூடிக்குள் ஐஸ் மாதிரி ஒன்று படிந்து வழியை அடைத்துவிட்டது.

பார்க்கத்தான் ஐஸ். உண்மையில் அது கேஸ் ஹைட்ரேட், அதாவது தண்ணீரும் வாயுவும் சேர்ந்த படிகம். தீ வைத்தால் எரியும்! இந்த வகைப் பொருளை முதலில் சரியாக அடையாளம் காட்டியவர், இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி.

1778-ல் கார்ன்வாலில் மரச் சிற்பியின் மகனாகப் பிறந்தார் டேவி. 16 வயதுக்குள் அப்பா இறந்துவிட, ஒரு மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. பிரிஸ்டலில் வாயுக்களை ஆராயும் வேலை கிடைத்ததும், கையில் சிக்கிய வாயுவையெல்லாம் தானே முகர்ந்து பார்த்தார். ஒருமுறை கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை இழுத்து, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். இன்றைக்கு எந்த லேபிலும் இதுக்கு அனுமதி கிடைக்காது.

பொட்டாசியம், சோடியம் கண்டுபிடிப்பால் புகழ் வந்தது. அடுத்து குளோரின். குளிரில் குளோரின் வாயுவே உறைந்து படிகமாகிறது என்றுதான் அப்போது நம்பினார்கள். ஈரமே இல்லாத குளோரினைக் கடுமையாகக் குளிர்வித்துப் பார்த்தார் டேவி. உறையவில்லை. தண்ணீர் இருந்தால்தான் படிகம் வந்தது. 1811-ல் இதை வெளியிட்டார்.

அதே படிகம் ஒரு உறவையும் சோதித்தது. டேவி 1813-ல் வேலைக்குச் சேர்த்த புத்தக பைண்டிங் இளைஞர் மைக்கேல் ஃபாரடே, 1823-ல் அதை ஆராய்ந்தார். டேவியின் யோசனைப்படி மூடிய கண்ணாடிக் குழாயில் சூடாக்க, திரவ குளோரின் கிடைத்தது. பெருமை யாருக்கு என்பதில் உரசல். மறு ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினராக ஃபாரடே போட்டியிட்டபோது, அதன் தலைவராக இருந்த டேவி எதிர்த்தார். ஆனாலும் ஃபாரடே ஜெயித்தார்.

இதில் பெரிய ட்விஸ்ட் மீத்தேன். 1812-ல் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்தில் 92 பேர் இறந்தார்கள். அதுபோன்ற வெடிப்புகளுக்குக் காரணமான வாயுவை ஆராய்ந்த டேவி, 1815-ல் கம்பி வலை சுற்றிய பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். காப்புரிமை வாங்கவில்லை. அந்த வாயு பெரும்பாலும் மீத்தேன்தான். ஹைட்ரேட்டும் தெரியும், மீத்தேனும் தெரியும். ஆனா இரண்டும் சேரும் என்பது டேவிக்குத் தெரியாது. 1829-ல் ஜெனீவாவில், 50 வயதில் இறந்தார். மீத்தேன் ஹைட்ரேட்டைப் பிரான்சின் வில்லார்டு 1888-ல்தான் உருவாக்கினார்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது? தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு மாதிரி அமைய, உள்ளே மீத்தேன் சிக்கிக்கொள்கிறது. அழுத்தம் அதிகமாக இருந்தால், 0 டிகிரிக்கு மேலேயே இது உருவாகும். ஆழ்கடல் தண்ணீரோ சுமார் 4 டிகிரிதான். எரிவாயுக் குழாய்களை அடைப்பது வெறும் ஐஸ் அல்ல, ஹைட்ரேட் என்று 1934-ல் அமெரிக்காவின் ஹாமர்ஷ்மிட் காட்டினார்.

எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் கூண்டு நிலைக்கும் என்பதைக் கணக்கிடும் மாடலை 1959-ல் வான் டெர் வால்ஸ், பிளாட்டீயூ கொடுத்தார்கள். (இவர் நோபல் வாங்கிய வான் டெர் வால்ஸ் இல்லை!) அந்தக் கணக்கு இன்றும் நம்பகமானது. கஷ்டமே அடுத்த கேள்விதான்: எப்போது அடைக்கும்? முதல் படிகம் தோன்றும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். தோன்றிய பிறகும் எவ்வளவு வேகமாக வளரும், எண்ணெயோடு மிதந்து போகுமா, சுவரில் ஒட்டுமா என்று எல்லாவற்றையும் குழாயின் ஓட்டத்தோடு சேர்த்துக் கணிக்க வேண்டும்.

கணிப்பு தப்பினால் உயிருக்கும் ஆபத்து. அடைப்பின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால், அது துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். அதனால் குழாய்க்கு வெப்பக் காப்பு போடுகிறார்கள், இல்லையென்றால் மெத்தனால், கிளைக்கால் செலுத்துகிறார்கள். மெக்சிகோ வளைகுடாவிலும் அந்த மூடியை ஓரங்கட்டிவிட்டு, அடுத்து இறக்கிய கருவியில் மெத்தனால் செலுத்தும் வசதியைச் சேர்த்தே அனுப்பினார்கள்.