ஷூ தொழிற்சாலையில் கற்ற தையல்... அட்டையில் பிறந்த நிலவு மனிதர்கள்! யார் இந்த ஜார்ஜ் மெலியே?

குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்களுக்கு வரும் முதல் தலைவலி காஸ்ட்யூம். கதையில் வேற்றுகிரகவாசி இருப்பார், கையில் காசு இருக்காது. கடையில் வாங்க வழியில்லாத உடையை நம்ம கையாலேயே செய்ய முடியுமா? 1902-லேயே இதைச் செஞ்சு காட்டியவர் பிரான்ஸின் ஜார்ஜ் மெலியே. நிலவின் கண்ணில் ராக்கெட் குத்தி நிற்கும் அந்தக் காட்சியை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அது இவருடையதுதான்.

தையல் முதல் கேமரா வரை

1861 டிசம்பர் 8-ல் பாரிஸில் பிறந்தார் மெலியே. அப்பாவுக்கு ஷூ தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்தபோதுதான் தையல் கற்றுக்கொண்டார். ஆனால், மனசு முழுக்க மேஜிக். 1888-ல் குடும்பத் தொழிலில் தன் பங்கை விற்றுவிட்டு, பாரிஸில் ஒரு மேஜிக் அரங்கத்தையே வாங்கினார்.

1895 டிசம்பரில் லூமியர் சகோதரர்களின் படக்காட்சியைப் பார்த்து அசந்துபோனார். கேமராவை விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. விடுவாரா? லண்டனில் ஒரு புரொஜெக்டர் வாங்கி, அதையே கேமராவாக மாற்றிக்கொண்டார். 1897-ல் பாரிஸை ஒட்டிய மோன்ட்ரோயில் கண்ணாடி ஸ்டூடியோ கட்டினார்.

நிலவு மனிதர்களைச் செஞ்சது எப்படி?

'எ ட்ரிப் டு தி மூன்' படத்தில் வரும் நிலவுவாசிகளின் தலை, பாதம், முழங்கால் மூடிக்கு முதலில் களிமண்ணில் மாதிரி செய்தார். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்தார். முகமூடி செய்யும் கைவினைஞர் ஒருவர் அந்த அச்சுகளில் அட்டையை வார்த்துக் கொடுத்தார். ஓர் அச்சு இருந்தால் போதும், எத்தனை தலை வேண்டுமானாலும் எடுக்கலாம். உள்ளே இருந்து நடித்தவர்கள் அக்ரோபாட் கலைஞர்கள்.

நிறத்திலும் ஒரு சிக்கல். அன்றைய ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெள்ளையாகவும் தெரியும். அதனால் செட், உடை, மேக்கப் எல்லாமே சாம்பல் நிறச் சாயல்களில்தான்.

ஆனால் இது 'சீப்'பான படம் இல்லை. 3 மாத உழைப்பு, சுமார் 10,000 ஃபிராங்க் செலவு. அன்றைக்கு அது பெரிய தொகை. அதில் பெரும்பகுதி செட்டுக்கும் இந்த அட்டை, கேன்வாஸ் உடைகளுக்கும்தான் போனது. படம் அமெரிக்காவில் ஓடோ ஓடுன்னு ஓடியது. லாபமோ திருட்டுப் பிரதி போட்டவர்களுக்குப் போனது.

தீயில் போன உடைகள்

கடன் கழுத்தை நெரிக்க, 1913-க்குள் படமெடுப்பது நின்றுபோனது. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் இவருடைய 400-க்கும் மேற்பட்ட ஃபிலிம் பிரதிகளை எடுத்துப்போய் உருக்கியது. அந்த செல்லுலாய்டு எதற்குப் பயன்பட்டது தெரியுமா? ஷூ குதிகால் செய்ய. ஷூ தொழிலை உதறிவிட்டு வந்தவரின் படங்கள், கடைசியில் ஷூவுக்கே போய்ச் சேர்ந்தன.

1923-ல் ஸ்டூடியோவும் கைவிட்டுப் போனது. ஆத்திரத்தில் நெகட்டிவ்களையும், செட், உடைகளில் பெரும்பாலானவற்றையும் தன் கையாலேயே எரித்தார். பிறகு பாரிஸ் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக்கடையில் உட்கார்ந்தார். பத்திரிகையாளர்கள் தேடிக் கண்டுபிடித்த பிறகு, 1931-ல் பிரான்ஸின் உயரிய 'லீஜியன் ஆஃப் ஹானர்' விருது வந்தது. 1938 ஜனவரி 21-ல் காலமானார்.

எடுத்தது 500-க்கும் மேல், இன்று மிஞ்சியிருப்பது 200 சொச்சம். நிலவுப் படம் கால் மணி நேரம்தான், ஆன்லைனில் இலவசமாகவே கிடைக்கிறது. நிலவுவாசிகள் துள்ளிக் குதிக்கும்போது முழங்காலைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அது வெறும் அட்டைதான்!