தபால் மூட்டையுடன் பறந்த டாட்டா

வேலப்பன்சாவடி வழியாகப் போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலை எதுவரை போகிறது தெரியுமா? பெங்களூர், ஹூப்ளி, பூனா எல்லாம் தாண்டி பம்பாய்க்கே போய்ச் சேருகிறது! 1,200 கிலோமீட்டருக்கு மேல். கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் போனவர்கள் தங்கி இளைப்பாறும் இடத்துக்குத்தான் சாவடி என்று பெயர்.

இன்று சென்னையில் விமானம் ஏறினால் சுமார் 2 மணி நேரத்தில் பம்பாயில் (இப்போது மும்பை) இறங்கலாம். இந்த வானவழியைத் திறந்து வைத்தவர் ஜே.ஆர்.டி. டாட்டா.

சிறுவனின் ஆசை

1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை பார்சி, தாய் பிரெஞ்சுப் பெண்மணி. விடுமுறைக்குப் போகும் கடற்கரை ஊரில், ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த பிளேரியோவின் வீடும் இருந்தது. சிறுவனுக்கு விமானப் பைத்தியம் பிடிக்கக் கேட்கவா வேண்டும்?

1929-ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்சு அவருக்குத்தான் கிடைத்தது. நம்பர் 1!

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறப்பவருக்கு ஆகாகான் பரிசு அறிவித்தார். அடுத்த ஆண்டு டாட்டா இங்கிருந்து கிளம்பினார். ஆஸ்பி என்ஜினீயர் என்ற இளைஞர் அங்கிருந்து கிளம்பினார். நடுவழியில், எகிப்தில் இருவரும் சந்தித்தார்கள். உதிரி "ஸ்பார்க் பிளக்" இல்லாமல் ஆஸ்பி தவித்துக் கொண்டிருந்தார். போட்டியாளர் ஆயிற்றே என்று டாட்டா நினைக்கவில்லை. தன்னிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசைத் தட்டிச் சென்றவர் ஆஸ்பி! பின்னாளில் அவர் இந்திய விமானப்படைக்கே தளபதி ஆனார்.

மாட்டு வண்டியில் பெட்ரோல்

லண்டன் தபால் அப்போது விமானத்தில் கராச்சி வரை வரும். அங்கிருந்து தெற்கே கொண்டு போக டாட்டா முன்வந்தார். சர்க்கார் மானியம் தரவில்லை. மானியம் இல்லாமலே நடத்தத் துணிந்தார்.

1932 அக்டோபர் 15-ந் தேதி காலை 6-35 மணி. ஒற்றை எஞ்சின் கொண்ட சின்னஞ்சிறு "புஸ் மாத்" விமானம். உள்ளே டாட்டாவும் தபால் மூட்டையும்தான். ஆமதாபாத்தில் இறங்கினார். விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது! பகல் 1-50 மணிக்குப் பம்பாய் ஜூஹூ மைதானத்தில் இறங்கினார். 7 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

சென்னைத் தபாலை அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் வாங்கிக் கொண்டு பறந்தார். இரவில் பறக்க வசதி ஏது? பல்லாரியில் இரவு தங்கி, மறுநாள்தான் சென்னை வந்தார். விமானத்துக்கும் ஒரு சாவடி தேவைப்பட்ட காலம் அது.

கைமாறிய கம்பெனி

அந்தத் தபால் கம்பெனிதான் 1946-ல் "ஏர் இந்தியா" ஆயிற்று. 1948-ல் லண்டனுக்கே பறந்தது. 1953-ல் சர்க்கார் அதை எடுத்துக் கொண்டபோதும், டாட்டாவே தலைவராக இருந்தார். 1978-ல் அந்தப் பதவியிலிருந்து அவரை நீக்கினார்கள். தான் வளர்த்த பிள்ளையைப் பிரிந்த தகப்பன் நிலைதான்.

ஆனால் பறக்கும் ஆசை போகவில்லை. 1982-ல், முதல் பயணத்தின் 50-வது ஆண்டு நிறைவில், கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பழைய மாதிரி சிறு விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். அப்போது வயது 78!

1992-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். மறு ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா கம்பெனியிடமே வந்து சேர்ந்தது.