ஜேம்ஸ் ஹோர்னெல்

ஜேம்ஸ் ஹோர்னெல் (1865 – 1949) பிரித்தானியக் கடல் உயிரியலாளரும் படகியல் ஆய்வாளரும் ஆவார். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களையும் தூத்துக்குடிக் கடற்கரையின் சங்குக் குளிப்பையும் ஆராய்ந்தவர். சென்னை மாகாணத்தின் மீன்துறை இயக்குநராகப் பணியாற்றியவர். முத்து வளத்தை ஆராயவே இவர் இப்பகுதிக்கு வந்தார். எனினும் கட்டுமரம், தோணி, வள்ளம் முதலிய கலங்களைப் பற்றி இவர் எழுதி வைத்த பதிவுகளாலேயே இன்று பெரிதும் அறியப்படுகிறார்.

தொடக்க காலம்

1890களில் ஆங்கிலக் கால்வாயில் உள்ள யேர்சி தீவில் ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தி வந்தார். கடல் விலங்கியலும் நுண்ணோக்கியியலும் பற்றிய ஓர் ஆய்விதழையும் அங்கிருந்து வெளியிட்டார். அக்காலத்தில் இலங்கையின் முத்துக் குளிப்பு பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பொய்த்திருந்தது. அதன் காரணத்தை அறிய விரும்பிய இலங்கை அரசு, லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தது. ஹெர்ட்மன் தம் உதவியாளராக ஹோர்னெலைத் தேர்ந்தெடுத்தார். இருவரும் 1902 சனவரியில் இலங்கையை அடைந்தனர். ஹெர்ட்மன் சில மாதங்களில் நாடு திரும்பிவிட, ஹோர்னெல் அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார்.

முத்துப் பார் ஆய்வு

மன்னார் வளைகுடாவில் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார் என்பர். முத்துச்சிப்பிகள் இப்பார்களின் மீது ஒட்டி வளர்கின்றன. தூத்துக்குடிக் கரையிலும் எதிரே இலங்கையின் மன்னார்க் கரையிலும் இத்தகைய பார்கள் பல உள்ளன. ஒரே பாரில் ஓர் ஆண்டு கோடிக்கணக்கான சிப்பிகள் காணப்படுவதும், அடுத்த ஆண்டு ஒன்றுகூட இல்லாமல் போவதும் வழக்கம். முத்துக் குளிப்பை நம்பியிருந்த அரசுக்கும், வணிகருக்கும், குளிகாரருக்கும் இதனால் பேரிழப்பு ஏற்பட்டது.

ஹெர்ட்மனும் ஹோர்னெலும் இதற்குப் பல காரணங்களைக் கண்டனர். சிப்பியின் இளவுயிரிகள் முதலில் நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, பின்னரே பாறையில் ஒட்டுகின்றன. எனவே ஒரு பாரின் வளம் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. பருவக்காற்று கிளப்பும் மணல் இளஞ்சிப்பிகளை மூடி அழிக்கிறது. திருக்கை முதலிய மீன்கள் அவற்றைத் தின்கின்றன. நெருக்கமாக வளரும் சிப்பிகள் இடமின்றி நலிகின்றன. இலங்கைப் பக்கத்தில் உள்ள பெரிய பாரில் சிப்பிகள் மிகுதியாக ஒட்டினாலும், முதிர்வதற்கு முன்பே அழிந்து போவதை இவர்கள் எடுத்துக்காட்டினர். அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றலாம் என்றும், கடலடியில் கற்களைப் பரப்பி ஒட்டுமிடங்களை உருவாக்கலாம் என்றும் பரிந்துரைத்தனர். இவ்வாய்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டன் அரச கழகத்தால் வெளியிடப்பட்டது.

நல்முத்து உருவாவதற்கு ஒருவகை நாடாப்புழுவின் இளவுயிரியே காரணம் என்றும் இவர்கள் கருதினர். இக்கருத்து நிலைக்கவில்லை. சிப்பியின் மூடுபடல உயிரணுக்களே முத்தை உருவாக்குகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

நடைமுறையிலும் கடல் கணிப்புகளுக்குக் கட்டுப்படவில்லை. 1905 இல் இலங்கையில் மிகப் பெரிய முத்துக் குளிப்பு நடைபெற்றது. இதனால் நம்பிக்கை கொண்ட ஒரு வணிக நிறுவனம் 1906 இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பிகள் இல்லாமற் போகவே அம்முயற்சி இழப்பில் முடிந்தது.

சென்னை மாகாணப் பணி

பின்னர் ஹோர்னெல், சர் பிரெடெரிக் நிக்கல்சன் தொடங்கிய சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்தார். நிக்கல்சனுக்குப் பின் அதன் இயக்குநரானார். மேற்கே பரோடா அரசுக்காக ஓகமண்டல் கடற்பகுதியை ஆராய்ந்து 1909 இல் அறிக்கை அளித்தார். 1914 இல் தொண்டியில் நடந்த முத்துக் குளிப்பைப் பற்றித் தனி அறிக்கை எழுதினார். மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை ஆகியவற்றின் இந்திய முத்துக் குளிப்புகள் குறித்த விரிவான நூல் 1922 இல் வெளிவந்தது.

அக்காலத் தூத்துக்குடித் துறைமுகம் ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நங்கூரமிட்டன. சரக்குகள் தோணிகளில் ஏற்றி இறக்கப்பட்டன. வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல்கள் ஓடியதும் இதே காலத்திலேயே. கடலோர வாழ்க்கை பருவங்களை ஒட்டி அமைந்திருந்தது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன், மார்ச் மாதத்தை ஒட்டிய அமைதியான வாரங்களே முத்துக் குளிப்புக்கு உரியவை. சங்குக் குளிப்பு பெரும்பாலும் அக்டோபர் முதல் மே வரை நடைபெற்றது. குளிகாரர் கல்லைக் காலில் பற்றிக் கயிற்றின் துணையுடன் மூச்சடக்கி மூழ்கினர்.

பருவத்திற்கும் கடல் வளத்திற்கும் உள்ள தொடர்பை இவர் மலபார்க் கரையிலும் ஆராய்ந்தார். மு. ராமசாமி நாயுடுவுடன் இணைந்து எழுதிய மத்தி மீன் பற்றிய ஆய்வு 1924 இல் வெளிவந்தது. தென்மேற்குப் பருவமழையை ஒட்டிப் பெருகும் நுண்ணிய மிதவையுயிரிகளுக்கும் மத்திக் கூட்டங்களின் வருகைக்கும் உள்ள தொடர்பை அது விளக்கியது.

சங்கு ஆய்வு

ஹோர்னெலின் சங்கு பற்றிய நூல் 1914 இல் சென்னை மீன்துறையின் வெளியீடாக வந்தது. இது சங்கின் உயிரியலோடு நிற்காமல், குளிக்கும் முறை, அரசின் கொள்முதல், வலம்புரிச் சங்கின் மதிப்பு, சமயச் சடங்குகளில் சங்கின் இடம் ஆகியவற்றையும் கூறுகிறது. தூத்துக்குடியில் எடுக்கப்பட்ட சங்குகள் வங்காளத்திற்கு அனுப்பப்பட்டு, டாக்கா முதலிய ஊர்களில் வளையல்களாக அறுக்கப்பட்டன. தமிழகத்திலும் இத்தொழில் முற்காலத்தில் சிறந்திருந்ததைச் சங்க இலக்கியச் சான்றுகளையும், கொற்கைப் பகுதியில் கிடைத்த அறுத்த சங்குத் துண்டுகளையும் கொண்டு இவர் நிறுவ முயன்றார். வளையல் தொழில் குறித்த இவரது கட்டுரையை வங்காள ஆசியக் கழகம் 1913 இல் வெளியிட்டது.

படகுகளின் பதிவு

பார்களைச் சோதிக்கவும் மீன்பிடி ஊர்களைப் பார்வையிடவும் சென்ற பயணங்களில், ஒவ்வொரு துறையிலும் வேறுபட்ட கலங்கள் இருப்பதை ஹோர்னெல் கவனித்தார். மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு, ஒரே மரத்தைக் குடைந்த வள்ளம், பாய்விரித்துச் செல்லும் தோணி ஆகியவற்றின் அமைப்பையும் பாய், துடுப்பு, சுக்கான் முதலிய உறுப்புகளையும் வரைபடங்களோடும் ஒளிப்படங்களோடும் பதிவு செய்தார். பாக்கு நீரிணைப் படகுகளில் குறுக்கே நீட்டிய சமநிலைப் பலகை அவரை மிகவும் ஈர்த்தது. காற்று வலுக்கும்போது படகோட்டிகள் அதன் மீது சென்று அமர்ந்து, படகு கவிழாமல் காப்பர்.

இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய இவரது ஆய்வு 1920 இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. கங்கையாற்றின் படகுகளையும் மீன்பிடி முறைகளையும் பற்றிய ஆய்வு 1924 இல் வெளிவந்தது. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியுமாறு அமைத்துக் கட்டும் பட்டேலா போன்ற ஆற்றுக் கலங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகள் பற்றியும் இவர் எழுதினார்.

தென்னிந்தியப் படகுகளின் சில கூறுகள் பண்டைக்காலத்தில் பசிபிக் தீவுகளின் மக்களோடு இருந்த உறவைக் காட்டுகின்றன என்பது ஹோர்னெலின் கருதுகோள். பின்வந்த ஆய்வாளர்கள் இதனை முழுமையாக ஏற்கவில்லை. எனினும் அவர் திரட்டிய தரவுகளின் மதிப்பு குறையவில்லை.

பிற்காலம்

இந்தியப் பணியை முடித்த பின், 1924-25 ஆம் ஆண்டுகளில் செயின்ட் ஜார்ஜ் என்னும் கப்பலில் சென்ற பசிபிக் அறிவியல் பயணத்தில் கலந்து கொண்டார். மொரீசியசு, சீசெல்சு, மால்ட்டா, பாலத்தீனம் ஆகியவற்றின் மீன்வளம் பற்றி அறிக்கைகள் அளித்தார். ஆல்பிரட் ஹேடனுடன் இணைந்து எழுதிய ஓசியானியப் படகுகள் பற்றிய மூன்று தொகுதிகள் 1936 முதல் 1938 வரை ஹொனலுலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்தால் வெளியிடப்பட்டன. நீர்வழிப் போக்குவரத்தின் தோற்றத்தையும் தொடக்க வளர்ச்சியையும் கூறும் பெருநூல் 1946 இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. 1949 இல் ஹோர்னெல் காலமானார். மீன்பிடித்தல் பற்றிய இவரது இறுதி நூல் 1950 இல் வெளிவந்தது.

தாக்கம்

ஹோர்னெலும் அவருக்குப் பின் வந்தோரும் எதிர்பார்த்தது போல இயற்கை முத்துப் பார்கள் நிலையான வருவாய் தரவில்லை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே இறுதியான பெரிய முத்துக் குளிப்புத் தொடர். 1973 இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1974 இல் தூத்துக்குடியில் புதிய ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்பட்டது. அங்கு கப்பல்கள் நேரடியாகக் கரையணைந்ததால், அவற்றுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் தோணிகளின் தேவை குறைந்தது. விசைப்படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் பரவியதால், பாய்விரித்துச் சென்ற மரக்கலங்கள் பெரும்பாலும் மறைந்தன.

மறைந்த அக்கலங்களைக் கட்டியோர் தம் அறிவை எழுத்தில் வைக்கவில்லை. அது கண்ணாலும் கையாலும் தலைமுறை தலைமுறையாகக் கற்கப்பட்டது. ஆகையால் தமிழகக் கடலோரக் கலங்களின் வரலாற்றை ஆராய்வோர், முத்தைத் தேடி வந்த ஹோர்னெலின் குறிப்புகளையும் படங்களையும் இன்றும் அடிப்படைச் சான்றாகக் கொள்கின்றனர்.