நட்பைக் காத்த எழுதுகோல்

திரையில் நடிப்போரை உலகம் அறியும். அவர்க்குக் கதை வகுப்போரை அறிவார் சிலரே. அவ்வாறு கதை வகுத்துச் சிறந்தவர் பிரான்சிஸ் மேரியன் அம்மையார். அவர் 1888ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள சான்பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தார். செய்தித்தாளிற் பணிபுரிந்தபின், ஹாலிவுட்டில் பேசாப்படங்களுக்குக் கதை எழுதலானார். மேரி பிக்போர்டு என்னும் நடிகைக்கு அவர் எழுதிய படங்கள் பெருவெற்றி பெற்றன.

அவர் இளமையிற் கண்டு பழகிய மேரி டிரெஸ்லர், நாடக மேடையில் புகழுடன் விளங்கியவர். முதுமை நெருங்கியபோது அவரை நடிக்க அழைப்பார் இலர், வறுமை வாட்டியது. இதனை அறிந்த மேரியன், அவருக்கெனவே ஒரு கதை எழுதி, எம்.ஜி.எம். நிறுவனத்தாரை இசையச் செய்தார். 1927இல் மீண்டும் திரையேறிய டிரெஸ்லர், மேரியன் பிறருடன் சேர்ந்து எழுதிய ‘மின் அண்டு பில்’ என்னும் படத்தில் நடித்து, சிறந்த நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசு பெற்றார்.

மேரியனையும் அப்பரிசு தேடி வந்தது. சிறைக்கதை ஒன்று எழுதுவதற்காக அவர் சான் குவெண்டின் சிறைக்கே சென்று, கைதிகளின் நிலையை நேரிற் கண்டார். 1930இல் வெளிவந்த அப்படத்தால், எழுத்துக்காக ஆஸ்கார் பெற்ற முதற் பெண்மணி ஆனார். ‘தி சாம்ப்’ என்னும் படத்திற்காக அதனை மீண்டும் பெற்றார்.

அம்மையார் 1973இல் மறைந்தார். தாம் உயர்ந்த காலத்தில், தளர்ந்த நண்பரை மறவாத அவர்தம் பண்பு, பரிசுகளினும் பெரிது.