சேலத்துக்காரர் கேட்ட ஒரு கேள்வி

விஷ்ணுபுரத்தைக் கையில எடுத்து, நாற்பதாவது பக்கத்துல பஸ் டிக்கெட்டை அடையாளமா சொருகிட்டு, செமஸ்டர் முடியட்டும்னு மூடி வெச்ச ஆளா நீங்க? நானும்தான். செவ்வாய்ப்பேட்டையில எங்க தெரு பூரா கொலுசுப் பட்டறை. அந்தத் தட்டல் சத்தத்துலதான் படிக்க முடியலைன்னு ரொம்ப நாளா சாக்கு சொல்லிக்கிட்டிருந்தேன். உ.வே.சாமிநாதையர் கதை தெரிஞ்ச பிறகு அந்தச் சாக்கும் போச்சு.

தமிழ்த் தாத்தான்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினோமே, அவரேதான். ஆனா இது நடந்தப்ப அவர் தாத்தா இல்லை. 25 வயசு இளைஞர்.

1855-ல் பிறந்தவர், சொந்த ஊர் உத்தமதானபுரம். அப்பா சங்கீத வித்வான். பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், 1876-ல் அவர் மறையும் வரை பாடம் கேட்டார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் வேலையும் கிடைத்தது. நம்ம பாஷையில சொன்னா, நல்ல பிளேஸ்மென்ட்.

அதே வருஷம் அக்டோபரில் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப்பைப் பார்க்கப் போனார். அந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியார். ஆமாங்க, நம்ம ஊர்க்காரர்! என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியலே போட்டார். முதலியார் அசரவே இல்லை. அதெல்லாம் சரி, பழைய நூல்கள்? சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார்.

படித்ததில்லை. வைவாவில் முழிப்போமே, அந்த நிலைமைதான். கௌரவம் பார்த்து அத்தோடு நடையைக் கட்டியிருக்கலாம். புத்தகம் கிடைத்தால் படிக்கிறேன் என்றார் இவர். முதலியாரும் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைக் கையில் கொடுத்துவிட்டார்.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு. கதை என்னமோ சூப்பர்தான்: நாடு பறிபோகும் நேரத்தில் கர்ப்பிணி ராணி மயில் வடிவ விமானத்தில் ஏறித் தப்பிக்கிறாள். (மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க.) ஆனா அதைப் புரிஞ்சுக்கறதுக்குள்ள உயிர் போயிடும். திருத்தக்கதேவர் சமணர். சமணக் கலைச்சொற்கள் இவருக்குத் தெரியாது. பயின்றது சைவச் சூழலில். உரையைப் பார்க்கலாம் என்றால், நச்சினார்க்கினியர் சொற்களை எங்கிருந்தோ எடுத்து எங்கேயோ கூட்டிப் பொருள் சொல்வார். நடுநடுவே வேறு நூல்களின் வரிகள் வரும். எந்த நூல் என்ற பெயர் இருக்காது. ஏட்டுச்சுவடிகளோ அதைவிட மோசம். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, குறில் நெடில் கொம்பு ஒன்றுதான்.

இவர் என்ன பண்ணினார் தெரியுமா? நேரே கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பாடம் கேட்டார். காலேஜ் பண்டிதர் மாணவனாக உட்கார்ந்தார்! தமிழ் அறிஞர்கள் பலருக்குத் தெரியாத நூலை அவர்கள் வீட்டில் வைத்துப் படித்து வந்தார்கள். பெயரில்லா மேற்கோள் வரிகளைத் தேடப் போய்ச் சங்க நூல்களுக்குள் நுழைந்தார். அடிக்குறிப்பைத் துரத்தியே ஒரு இலக்கியத்துக்குள் போனவர் வேறு யாரும் இருப்பாங்களான்னு தெரியல.

1887-ல் சீவக சிந்தாமணி உரையோடு அச்சில் வந்தது. முதலியாரை முதலில் சந்தித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பிறகு 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. 1942-ல் மறையும் வரை இதே வேலைதான்.

முதலியார் அன்று பெயர் சொல்லிக் கேட்டவை மூன்று நூல்கள். மூன்றாவதான மணிமேகலை அச்சானது 1898-ல். அதை வாங்கிப் பார்க்க அவர் இல்லை. 1892-லேயே காலமாகிவிட்டார்.