அக்காளுக்குத் தம்பி செய்த மூளை ஆபரேஷன்

1928-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கனடா நாட்டில் மாண்ட்ரீல் என்ற பெரிய நகரம்.

அங்குள்ள ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் மேஜை மீது ஒரு பெண் படுத்திருந்தார். அவருக்கு வயது 43. ஆறு குழந்தைகளின் தாய். மூளையில் கட்டி. மண்டை ஓட்டைத் திறந்து அதை எடுக்க வேண்டும்.

கத்தியைக் கையில் எடுத்த டாக்டர் யார் தெரியுமா? அந்தப் பெண்ணின் உடன்பிறந்த தம்பி!

அக்காள் பெயர் ரூத். தம்பி பெயர் வைல்டர் பென்பீல்டு. பிற்காலத்தில் உலகம் முழுவதும் புகழ் பெற்ற மூளை டாக்டர் அவர்தான்.

எங்கோ கனடாவில் நடந்த கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஊர் முண்டியம்பாக்கம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தூக்குச்சட்டியும் பிளாஸ்க்குமாகக் குடும்பங்கள் காத்துக் கிடப்பதை அங்கே காணலாம். உள்ளே, தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் படுத்திருப்பார். பிழைப்பாரா? பிழைத்தாலும் பழையபடி ஆவாரா? வெளியே இருப்பவர்களின் கவலை இதுதான். அந்தக் கவலையைத் தன் வீட்டிலேயே அனுபவித்தவர் டாக்டர் பென்பீல்டு.

தாய் வளர்த்த பிள்ளை

பென்பீல்டு 1891-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அமெரிக்காவில் ஸ்போகேன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனாரும் டாக்டர்தான். ஆனால் தொழில் நடக்கவில்லை. குடும்பம் நொடித்தது. பென்பீல்டுக்கு 8 வயது ஆனபோது, தாயார் தன் மக்களை அழைத்துக்கொண்டு ஹட்சன் என்ற ஊரில் உள்ள பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒரு அண்ணன், ஒரு அக்காள். பென்பீல்டுதான் கடைக்குட்டி. மூவரையும் தாய்தான் வளர்த்தார்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் படிக்க ஒரு பெரிய உபகாரச் சம்பளம் உண்டு. கடைசி மகன் அதைப் பெற வேண்டும் என்று தாயார் ஆசைப்பட்டார். படிப்பு மட்டும் போதாது, விளையாட்டிலும் தேறியிருக்க வேண்டும். பென்பீல்டு கல்லூரிக் கால்பந்துக் குழுவில் சேர்ந்து ஆடினார். தாயின் ஆசையை நிறைவேற்றினார். ஆக்ஸ்போர்டுக்குப் போனார்.

ஊரை விட்டுப் போன பிறகும் தாயை மறக்கவில்லை. வாரம் தவறாமல் கடிதம் எழுதுவார். தாயார் அந்தக் கடிதங்களைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தார்.

கப்பலில் வெடித்த குண்டு

1916-ம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பென்பீல்டு சசெக்ஸ் என்ற கப்பலில் பிரான்சுக்குப் போனார். வழியில் கடலுக்கு அடியில் இருந்து வந்த குண்டு கப்பலைத் தாக்கியது. பலர் மாண்டார்கள். பென்பீல்டின் கால் முறிந்தது.

ஆக்ஸ்போர்டில் சர் வில்லியம் ஆஸ்லர் என்ற பேராசிரியர் இருந்தார். பெயர்பெற்ற டாக்டர். அவர் அந்த மாணவரைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். அங்கேயே வைத்துக் கவனித்துக்கொண்டார். நோயாளியாகப் படுத்திருப்பது என்றால் என்ன, ஒரு வீடு ஆதரவு தருவது என்றால் என்ன என்பதைப் பென்பீல்டு அப்போதே தெரிந்துகொண்டார்.

1917-ல் ஹெலன் என்ற பெண்ணை மணந்தார். 1918-ல் டாக்டர் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் வேலை பார்த்தார். 1924-ல் ஸ்பெயின் நாட்டுக்குப் போய், மூளையில் உள்ள ஒரு வகைச் சிறு உயிரணுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து எழுதினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

1928-ல் மாண்ட்ரீல் நகரத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கே குடியேறினார். வந்த சில மாதங்களிலேயே அக்காளின் நோய் வாசலில் வந்து நின்றது.

கண்ணில் தெரிந்த ஆபத்து

ரூத்துக்குப் பல ஆண்டுகளாகத் தலைவலி உண்டு. வலிப்பும் வரும். சாதாரண நோய் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தம்பி அக்காளின் கண்ணுக்குள் கருவி வைத்துப் பார்த்தார். கண் நரம்பு வீங்கி இருந்தது. மண்டைக்குள் எதுவோ வளர்ந்து மூளையை அழுத்துகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இப்படியே விட்டால் பார்வை போகும். பிறகு உயிரும் போகும்.

சொந்தக்காரருக்கு டாக்டர் கத்தி வைப்பதில்லை என்பது வழக்கம். கை நடுங்கும், மனம் தடுமாறும் என்பார்கள். ஆனால் மூளை ஆபரேஷன் தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. பென்பீல்டு தாமே செய்வது என்று முடிவு செய்தார்.

அக்காளுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. மூளைக்கு வலி தெரியாது. தோலும் எலும்பும்தான் வலிக்கும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். நோயாளி விழித்துக்கொண்டே இருக்கலாம். பேசலாம். ரூத்தும் அப்படியே விழித்திருந்தார்.

கட்டி வலது பக்கம், நெற்றிக்குப் பின்னால் இருந்தது. பெரிய கட்டி. மூளையின் வலது முன்பகுதியில் பெரும் பாகத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் வில்லியம் கோன் அருகே நின்று உதவினார். அப்படியும் கட்டி முழுவதையும் எடுக்க முடியவில்லை. ஒரு பகுதி ஆழத்தில் வேரோடிப் போயிருந்தது. அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பென்பீல்டு கையை எடுத்துவிட்டார்.

எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் ஆராய்ந்து எழுதிய அதே வகை உயிரணுவின் பெயரால் அழைக்கப்படும் கட்டி அது! விதியின் விளையாட்டை என்ன சொல்வது?

சமையல் அறையில் கற்ற பாடம்

ரூத் பிழைத்தார். வீடு திரும்பினார். கணவரும் குழந்தைகளும் மகிழ்ந்தார்கள். முகம் அதே முகம். பேச்சு அதே பேச்சு. பழைய நினைவுகள் ஒன்றும் அழியவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து 15 மாதங்கள் ஆயின. ஒரு நாள் தம்பிக்குத் தன் கையால் சமைத்துப் போட ரூத் ஆசைப்பட்டார். வீட்டார் நால்வர், விருந்தாளி ஒருவர். மொத்தம் ஐந்து பேருக்குச் சாப்பாடு. ஆறு பிள்ளைகளை வளர்த்தவருக்கு இது ஒரு வேலையா? அதுவும் ஒரு பகல் முழுவதும் நேரம் இருந்தது.

சாப்பாட்டு வேளை வந்தது. ரூத் சமையல் அறையில்தான் இருந்தார். வேண்டிய சாமான்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஒன்றிரண்டு பாத்திரங்கள் அடுப்பில் இருந்தன. ஆனால் இறைச்சி அடுப்பில் ஏறவே இல்லை. காய்கறிக் கலவை தயாராகவில்லை. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று தெரியாமல், நாள் முழுவதும் பாடுபட்டுக் கலங்கிப் போயிருந்தார்.

கூட நின்று கொஞ்சம் உதவினார்கள். அவ்வளவுதான். விரைவிலேயே எல்லாம் தயார் ஆனது. விருந்து நன்றாக நடந்தது.

தம்பி இதைக் கவனித்தார். அக்காளின் அறிவு போகவில்லை. அன்பு போகவில்லை. ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கி, வரிசைப்படுத்தி, முடிக்கும் திறமை மட்டும் குறைந்திருந்தது. அந்தத் திறமைக்கு இடம் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளை. அதைத்தானே வெட்டி எடுத்தார்கள்!

1935-ல் இதை அவர் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். இன்றும் டாக்டர்கள் அந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்கிறார்கள். பல ஆபரேஷன்களில் தெரியாத உண்மை ஒரு சமையல் அறையில் தெரிந்தது.

அக்காளின் மறைவு

மிச்சம் இருந்த கட்டி சும்மா இருக்கவில்லை. மறுபடியும் வளர்ந்தது. அமெரிக்காவின் தலைசிறந்த மூளை டாக்டரான ஹார்வி குஷிங் இன்னொரு ஆபரேஷன் செய்தார். பலன் நிலைக்கவில்லை. 1931-ல் ரூத் கண்ணை மூடினார்.

தம்பியின் ஆபரேஷன் அவரை முற்றிலும் காப்பாற்றவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தாயை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தது. அது சிறிய கொடை அல்ல.

பென்பீல்டு துக்கத்தில் சோர்ந்து உட்காரவில்லை. மூளை நோய்க்கென்றே ஒரு தனி நிலையம் வேண்டும், ஆபரேஷன் செய்கிறவரும் ஆராய்ச்சி செய்கிறவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று பாடுபட்டார். ராக்பெல்லர் அறநிலையம் சுமார் 12 லட்சம் டாலர் கொடுத்தது. 1934-ல் மாண்ட்ரீல் நரம்பியல் நிலையம் திறக்கப்பட்டது.

அங்கே வலிப்பு நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தார். விழித்திருக்கும் நோயாளியின் மூளையில் மெல்லிய மின்சாரத்தால் தொடுவார். ஒரு இடத்தைத் தொட்டால் கை அசையும். இன்னொரு இடத்தைத் தொட்டால் உதடு துடிக்கும். சிலருக்கு என்றோ கேட்ட பாட்டுக் கேட்டது! இப்படி மூளைக்கு ஒரு படமே போட்டுவிட்டார். விரல்களுக்கும் வாய்க்கும் மூளையில் அதிக இடம் என்பது அந்தப் படத்தில் தெரிந்தது. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதும் தெரிந்தது.

வேலூருக்கு வந்த வித்தை

அந்த நிலையத்துக்குப் பல நாட்டு டாக்டர்கள் படிக்கப் போனார்கள். அவர்களில் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் பென்பீல்டிடம் வித்தை கற்றுத் திரும்பி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை ஆபரேஷனுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. அடுத்த ஆண்டு, 1950-ல், சென்னைப் பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த டாக்டர் ராமமூர்த்தி அதே பணியைத் தொடங்கினார். இப்படித்தான் அந்த வித்தை நம் நாட்டில் வேர் பிடித்தது.

வீட்டார் செய்ய வேண்டியது

பென்பீல்டு அக்காளிடம் கற்றது நம் வீடுகளுக்கும் பொருந்தும்.

தலையில் ஆபரேஷன் ஆன ஒருவர் வீடு திரும்புகிறார். தையல் பிரித்தாயிற்று. பேசுகிறார், சிரிக்கிறார். ஆனால் தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டு நிற்கிறார். வீட்டார் சோம்பல் என்கிறார்கள். வீம்பு என்கிறார்கள். அது சோம்பலும் அல்ல, வீம்பும் அல்ல. காயத்தின் விளைவாக இருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். வேலையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும். வலிப்பு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. தலைவலி, வாந்தி, மயக்கம், புதிதாக வலிப்பு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசிப் புத்தகம்

1960-ல் பென்பீல்டு நிலையத்தின் தலைமைப் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். பின்பு 1965-ல், கனடாவில் குடும்ப நலனுக்காக ஏற்பட்ட வானியர் நிலையத்தின் முதல் தலைவர் ஆனார். மூளை டாக்டருக்குக் குடும்பத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, ரூத்தின் சமையல் அறையே பதில்.

தாயாருக்கு எழுதிய பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு தன் வரலாற்றை எழுதினார். எழுதி முடித்த சில வாரங்களில், 1976-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 85. மறு ஆண்டு புத்தகம் வெளிவந்தது. தனித்து வாழும் மனிதன் எவனும் இல்லை என்பது அதன் பெயருக்குப் பொருள்.

உலகம் போற்றிய டாக்டர் தன் வாழ்க்கைக்குக் கொடுத்த தலைப்பு அது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் தூக்குச்சட்டியோடு காத்திருக்கும் ஒவ்வொரு தாயும், தம்பியும், அக்காளும் அதற்குச் சாட்சி. கட்டியை எடுப்பது டாக்டரின் கை. மனிதனை மீட்பது வீட்டாரின் கை.