நீர்வளம் வேண்டி வழக்காடிய பெருந்தகை: ஸர் ஆர்தர் காட்டன்

தாம்பரம் புகைவண்டி நிலையத்தினின்றும் தென்கிழக்கே மாடம்பாக்கம் செல்வார், சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயிலையும் அவ்வூர்ப் பேரேரியையும் காண்பர். பின்னே இருப்புப்பாதை, முன்னே ஏரி. குடிகள் தந்த பொருளை அரசாங்கத்தார் இவ்விரண்டனுள் எதற்கு முதற்கண் செலவிடல் வேண்டும் என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மட்டுமன்றி இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலும் பெருவழக்காய் எழுந்தது. அவ்வழக்கில் நீரின் பக்கம் நின்றவர் ஸர் ஆர்தர் காட்டன் என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

காட்டன் 1803 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் பிறந்தார். பதினாறாம் வயதிலேயே கும்பினியாரது சென்னைப் பொறியாளர் படையில் இடம் பெற்று, 1821 ஆம் ஆண்டு நம் நாட்டை அடைந்தார். ஏரிகளைப் பேணும் பணி இளமையிலேயே அவர்க்கு வாய்த்தது. அக்காலத்தே கொள்ளிடம் ஆழ்ந்துகொண்டே போகக் காவிரி மணலால் மேடிட்டது. தஞ்சைக் கழனிகள் ஆண்டுதோறும் நீர் குன்றி வாடின. காட்டன் கல்லணையை நுணுகி ஆராய்ந்தார். ஆற்று மணலின்மேல் அடித்தளம் அமைக்கும் வகையைப் பண்டைத் தமிழரிடமிருந்தே தாம் கற்றதாகப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். ஆளும் இனத்தார் ஒருவர் ஆளப்பட்டார்க்கு மாணவராயினமையை ஒளியாது உரைத்தல் அந்நாளில் எளிதன்று. அக்கல்வியின் பயனாய்த் திருவரங்கத்திற்கு மேற்கே முக்கொம்பில் 1836 ஆம் ஆண்டு மேலணை எழுந்தது, தஞ்சை பிழைத்தது.

அடுத்து அவர் கோதாவரியை அடைந்தார். 1833 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் குண்டூர்ச் சீமையில் எண்ணிறந்தோர் மடிந்திருந்தனர். அண்டை நாடு நீரின்றிச் சாகக் கோதாவரி வெள்ளம் வறிதே கடலிற் கலப்பதைக் கண்டு காட்டன் உளம் வெதும்பினார். செலவுக்கு அஞ்சித் தயங்கிய துரைத்தனத்தாரிடம் பன்முறை முறையிட்டு இசைவு பெற்று, 1847 ஆம் ஆண்டு தவுளேசுவரத்தில் பணி தொடங்கினார். உடல்நலங் கெட்டும் ஓயாது உழைக்க, 1852 ஆம் ஆண்டு அணை முற்றுப்பெற்றது. பாழ்பட்ட அந்நிலம் நெற்களஞ்சியமாயிற்று. குடிகளின் வாழ்வும் வளர்ந்தது, அரசிறையும் வளர்ந்தது.

இனி அவர்தம் பெருவழக்கைக் கூறுவாம். இருப்புப்பாதை அமைத்த கும்பினிகளுக்கு, அவை ஊதியம் ஈட்டினும் ஈட்டாவிடினும், நூற்றுக்கு ஐந்து வட்டி தருவதாக அரசாங்கம் உறுதி கூறியிருந்தது. குறைந்த தொகையை இந்தியக் குடிகளின் வரிப்பணமே நிறைவு செய்தது. ஏரிக்கும் வாய்க்காலுக்குமோ கை சுருங்கிற்று. காட்டன் இதனைக் கடிந்தார். அவர் புகைவண்டியை அறியாதவரல்லர். சாலைக்குரிய கல்லைச் சென்னைக்குக் கொணரச் செங்குன்றத்திலிருந்து 1837 ஆம் ஆண்டளவில் இருப்புப்பாதை இட்டவர் அவரே. எனினும் வண்டி விளைந்த நெல்லைச் சுமக்குமேயன்றி நெல்லை விளைக்காது என்பதும், செலவிடாது மிச்சம் பிடித்த பொருளுக்கு ஈடாகப் பஞ்சத்தில் உயிர்கள் செலவாகும் என்பதும் அவர் கருத்து.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சம் இவ்வுண்மையைக் கொடிதாய் மெய்ப்பித்தது. புகைவண்டி தானியத்தைக் கொணர்ந்தது; வாங்கக் காசின்றி மக்கள் மாண்டனர். இந்தியா முழுவதும் மாண்டோர் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் என்பது பொதுவான மதிப்பீடு. 1878 ஆம் ஆண்டு பாராளுமன்றத்தார் அமைத்த குழுவின்முன் எழுபத்தைந்து வயது முதியவராய்க் காட்டன் சான்று பகர்ந்தார். குழுவினர் அவருடைய பெருந்திட்டங்களை ஏற்றிலர்.

அவர் பக்கம் பிழையே இல்லையெனல் பொருந்தாது. துங்கபத்திரை நீரைக் கொண்டு கர்நூல், கடப்பைச் சீமைகளில் வெட்டிய கால்வாய் அவரது கருத்தில் தோன்றியதே. அதற்கெனச் சேர்ந்த கும்பினியும் அதே ஐந்து வட்டி உறுதியைப் பெற்றது. மதிப்பிட்டதினும் செலவு மிகுந்தது. கரிசல் நிலத்து உழவர் எதிர்பார்த்த அளவு நீரை வாங்கினாரல்லர். 1882 ஆம் ஆண்டு அரசாங்கமே அதனை விலைக்கு ஏற்க நேர்ந்தது. நிலத்தியல்பையும் உழவர் விருப்பையும் அறியாது செய்யும் நற்செலவும் வீண் செலவாம் என்பதற்கு அக்கால்வாய் சான்று. படகுப் போக்குவரத்தால் வரும் ஊதியத்தையும் அவர் மிகையாக மதிப்பிட்டார் என்பர். ஆயினும் பயன் கருதிப் பிழைத்தாரேயன்றித் தம் நலங் கருதிப் பிழைத்தாரல்லர்.

1899 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24 ஆம் நாள் அவர் இங்கிலாந்தில் உயிர் நீத்தார். தவுளேசுவரத்தில் பழைய அணைக்கு ஈடாக எழுந்த புதிய அணை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. கோதாவரிக் கரை மக்கள் இன்றும் அவருடைய சிலைக்கு மாலை சூட்டுகின்றனர். முக்கொம்பு மேலணையோ, 182 ஆண்டுகள் நின்று, 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் மதகுகள் சில சரிய ஊறுபட்டது. கட்டுதற்குச் செய்யும் செலவோடு கடமை முடிவதன்று. காத்தற்குச் செய்யும் செலவும் உண்டென்று அந்த மதகுகள் அறிவுறுத்தின.

அன்பர்களே, வள்ளுவனார் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பை வைத்தனர். யோசேப்போ வளமான ஏழாண்டுகளிலேயே பஞ்ச ஆண்டுகளுக்குச் சேமித்தனன். நாமோ 2015 ஆம் ஆண்டு தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கவும், 2019 ஆம் ஆண்டு சென்னை குடிநீரின்றித் தவிக்கவும் கண்டோம். மாடம்பாக்கம் 2021 ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. பாலமும் சாலையும் கண்ணுக்குத் தெரியும். கரையைப் பலப்படுத்தலும் கால்வாயைத் தூர்வாரலும் தெரியா. தெரியாத அச்செலவுக்காக வாதாடுவாரும் ஒரு நாட்டிற்கு வேண்டும். காட்டன் வழக்கில் தோற்றார். அவர் எழுப்பிய வினாவோ ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின்போதும் நம்முன் வந்து நிற்கின்றது. அதற்கு விடை கூறவேண்டியவர் நாமே.